வெள்ளிக்கிழமை வெந்நீர்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையில் நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமா? உங்கள் விரல் மூட்டு வலி தேவலையா?

வந்து சேர்ந்துவிட்டேன். குழந்தைகள் விடுதி என்று சொல்லி அனுப்பினீர்கள். ஒரு விடுதி நிறையப் பிள்ளைகள், ஒரு சமையலறை, ஒரு சலவைத் தொட்டி, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு நான். காப்பாளர் என்னைப் பார்த்ததும், "போதகர் ஐயாவோட தங்கச்சின்னு இங்க தனி மரியாதை எல்லாம் கிடையாதும்மா" என்றார். கூடப் பிறந்தவரே கொடுக்காததை இவரிடமா எதிர்பார்க்கப் போகிறேன்? ஆனால் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்ததால்தானே இங்கே வந்து விழுந்தேன்.

அதை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன். முதியோர் இல்லத்தில் நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவருக்குக் கால் கழுவுகிறீர்கள். அன்றைக்கு வந்திருந்த விருந்தாளி அம்மாள், "படுக்கையில கிடக்கிறவங்க கால் எல்லாம் எப்படி இவ்வளவு சுத்தமா இருக்கு?" என்று கேட்டார். "ஐயா கழுவுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை கழுவிடுவேன்" என்று சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போகும் முன்பே, எனக்குத் தாழ்மை போதாது என்று மாற்றல் எழுதிக் கையில் கொடுத்துவிட்டீர்கள். போகட்டும். அனுப்பும் இடத்துக்குப் போவேன் என்று உறுதிமொழி எடுத்தவள்தானே நான்.

அம்மாவின் கால்தான் எனக்குக் கவலை. சர்க்கரை வியாதி பாதத்தின் உணர்வைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். ஆணி ஏறினாலும் அவளுக்குத் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. காலையில் விரல் இடுக்கைப் பாருங்கள். தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்த்த பிறகே காலில் ஊற்றச் சொல்லுங்கள். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். நான் வாங்கிக் கொடுத்த நீல வார் செருப்பு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவளுக்கு அது பிடிக்காது, கிழவிச் செருப்பு என்பாள். கேட்காதீர்கள், மாட்டிவிடுங்கள்.

பதில் எழுதுங்கள். இங்கே தொலைபேசிக்குப் பூட்டு, சாவி காப்பாளர் இடுப்பில்.

உங்கள் தங்கை


ஜனவரி 29

ஆண்டவருக்குள் பிரியமான தங்கைக்கு,

உனக்குச் சமாதானம். நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தில் வேலையைப் பற்றிய முணுமுணுப்பு தெரிகிறது. மெதுவாகச் சொல்கிறேன், கேள். தலைவனாக இருப்பவன் குனிய வேண்டும். ஆண்டவரே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடியில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் யாரும் அந்தக் கால்களைக் கழுவி வைக்கவில்லை. நீ அன்று சொன்னது பொய்யில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதிலும் ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமை தேய்ந்து போகட்டும் என்றுதான் உன்னை அங்கே வைத்திருக்கிறேன். பாடு ஒரு பரிசு. இதைக் கசப்போடு வாசிக்காதே.

நீ போன பிறகு பாத ஊழியத்தை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். முன்பெல்லாம் நான் பிரசங்கித்து முடித்த பிறகு நீ கெட்டிலோடு எழுந்து குறுக்கே வருவாய். எல்லார் கண்ணும் உன்மேல் போகும். இப்போது கால் கழுவும் பேசினில் முதலிலேயே தண்ணீர் ஊற்றி, காலை அதில் வைத்துவிட்டு, பிறகு பிரசங்கிக்கிறேன். முடித்ததும் அப்படியே குனிந்து கழுவுகிறேன். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். உதவிக்கு ஒருவரும் கிடையாது. ஊழியக்காரனுக்கு ஓர் ஊழியக்காரன் எதற்கு?

ஒரு சின்னக் குறைதான். நான் முடிப்பதற்குள் தண்ணீர் ஆறிப்போகிறது. ஜில்லென்ற தண்ணீரில் கை பட்டால் என் மூட்டுகள் அன்று முழுவதும் விட்டு விட்டு வலிக்கின்றன. ஆகவே ஆரம்பத்திலேயே சூட்டைக் கொஞ்சம் கூட்டும்படி சமையற்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. இனி பாத ஊழிய நாற்காலியில் தன்னைத்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகக் கேட்டாள். என் தாய் என்று சலுகை காட்டக் கூடாதே என்று முதலில் தயங்கினேன். பிறகு, பெற்ற தாயின் காலைக் கழுவுவதைவிடப் பெரிய சாட்சி எது என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை என்றால் விடிந்ததிலிருந்து தலை வாரிக்கொண்டு காத்திருக்கிறாள்.

ஆண்டவர் உன்னைத் தாழ்த்தி உயர்த்துவாராக.

அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அப்படி எழுத முடியவில்லை.

அண்ணா, பிரசங்கம் முழுவதும் அம்மாவின் கால் வெந்நீரிலேயா இருக்கிறது?

நீங்கள் பேச ஆரம்பித்தால் எங்கே முடியும் என்று ஆண்டவருக்கே தெரியாது. கோபப்படாதீர்கள், நம் வீட்டில் எல்லாரும் சொல்லும் கிண்டல்தான் இது. அவ்வளவு நேரமும் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு இருப்பது அம்மாவின் கால். நீங்கள் கையை விடும்போது அது ஆறியிருக்கும், இதமாகத்தான் இருக்கும். சுடுகிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வேறு யாருக்குத் தெரியும்?

நான் எழுந்து குறுக்கே வந்தது என் முகத்தைக் காட்டுவதற்காக இல்லை. காலை உலர்ந்த துண்டின் மேல் வைத்திருப்பேன். நீங்கள் ஆமென் சொன்ன பிறகுதான் ஊற்றுவேன், அதுவும் முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டு. கண்ணுக்கு உறுத்தினால் வேறு யாரையாவது வரச் சொல்லுங்கள். சமையற்காரம்மா வரட்டும். திரை போட்டு மறைத்துக்கொண்டு வரட்டும். எனக்கென்ன வந்தது? தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றினால் போதும்.

என் முணுமுணுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சலவைச் சோடாவில் என் கை வெடித்துப் போய்விட்டது. பேனா பிடித்தால் காகிதத்தில் ரத்தம் ஒட்டுகிறது, ஓரத்தில் தெரிவது அதுதான். அதைக்கூட நான் சொல்லியிருக்கமாட்டேன். பரிசு என்றீர்களே, கிடைத்துவிட்டது என்று தெரிவிக்கிறேன்.

ஒரு வாரம் விடுப்புக் கொடுங்கள். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். உங்கள் கையெழுத்து இல்லாமல் காப்பாளர் வாசலைத் தாண்ட விடமாட்டார்.

உங்கள் தங்கை


மார்ச் 2

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமாக இருப்பாய், உனக்கு உழைக்கிற உடம்பு.

அண்ணனுக்கு நீ எழுதியதை அவன் எனக்கு வாசித்துக் காட்டினான். நல்லவனைப் புண்படுத்துவதில் உனக்கு என்னடி அப்படி ஒரு சுகம்? சின்ன வயதிலிருந்தே உனக்கு அவன் மேல் எரிச்சல். அவன் ஜெபம் பண்ணினால் நீ பாத்திரத்தை உருட்டுவாய்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இத்தனை வருஷம் நீ என் காலைக் கழுவினாய். இல்லை என்று சொல்லவில்லை. நீ கழுவினால் அழுக்குப் போகும். அவன் கழுவினால் பாவம் போகும். இரண்டும் ஒன்றாகிவிடுமா?

வெள்ளிக்கிழமை நீ வந்து பார்க்க வேண்டும். முன்னால் போட்ட நாற்காலியில் நான் ஒருத்திதான். பேசினிலிருந்து ஆவி எழும்பும். அந்த ஆவிக்கு நடுவில் என் பிள்ளை மண்டி போட்டு உட்காருவான். படம் பிடிக்கிறார்கள். "தண்ணி சூடா இருக்காம்மா?" என்று சமையற்காரி ஒரு தடவை காதில் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியல, போடி" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து கேட்கிற கேள்வியா அது?

பாதம் கொஞ்சம் சிவந்திருக்கிறது, இடது பக்கம். தோல் ஓர் இடத்தில் பட்டுப் புடவை மாதிரி மினுமினுப்பாக இருக்கிறது. வலி துளியும் இல்லை. வலிக்காத ஒன்றுக்குப் போய் நீ ஊரைக் கூட்டாதே. வரவும் வராதே. நீ வந்தால் மறுபடி நீதான் குறுக்கே நிற்பாய்.

அந்தச் செருப்பை நான் போட்டுக்கொள்வதில்லை. விருந்தாளிகள் முன்னால் அசிங்கமாக இருக்கிறது.

அம்மா


மார்ச் 10

அண்ணா,

நலம் விசாரிக்க நேரமில்லை.

அம்மாவின் இடது பாதம் சிவந்து, தோல் மினுமினுக்கிறதாம். அது கொப்புளம், அண்ணா. வெந்த தோல். இன்றைக்கே டாக்டரை அழைத்துக் காட்டுங்கள். வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். காலைத் தண்ணீரில் வைக்காதீர்கள். பேசினை எடுத்து வெளியே எறியுங்கள்.

என் விடுப்புக் கடிதத்தை இத்துடன் மறுபடியும் வைத்திருக்கிறேன். கையெழுத்து ஒன்று போட்டால் போதும்.

தங்கை


ஏப்ரல் 3

அண்ணா,

பதில் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் சோற்றுக் கரண்டியோடு வாசலுக்கு ஓடுகிறேன், பிள்ளைகள் சிரிக்கின்றன. காப்பாளரிடம் தொலைபேசி கேட்டேன். "ஐயாவே சும்மா இருக்கும்போது நீங்க ஏம்மா பதட்டப்படுறீங்க?" என்கிறார்.

நான் செய்தது தப்பென்றால் தப்புதான். அன்று விருந்தாளி முன்னால் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

தங்கை


மே 14

ஆண்டவருக்குள் பிரியமான தங்கைக்கு,

உனக்குச் சமாதானம். நான் சுகம். மூட்டு வலி பெரும்பாலும் நீங்கிவிட்டது, உன் ஜெபங்களுக்கு நன்றி.

உன் கடிதங்கள் கிடைத்தன. புதிய கூடத்துக்கு அஸ்திவாரம் போடும் வேலையில் பேனாவைத் தொட நேரமில்லை. பாத ஊழியத்தைப் பார்க்க இப்போது தூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். பழைய அறை போதவில்லை.

நீ மன்னிப்புக் கேட்டதை வாசித்து என் உள்ளம் நிறைந்தது. நான் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன். பார்த்தாயா, உன்னை அங்கே அனுப்பியதன் பலன் தெரியத் தொடங்கியிருக்கிறது.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். சின்னதாக ஒரு கொப்புளம் வந்தது உண்மைதான். சமையற்காரம்மா அதை வெந்நீர் சுட்ட கொப்புளம் என்றாள். சர்க்கரைப் புண் என்று நான் விளக்கினேன். டாக்டரைக் கூப்பிடட்டுமா என்று அம்மாவையே கேட்டேன். "ஆண்டவருக்கு ஆணி அடிச்சாங்க, எனக்கு ஒரு கொப்புளம். பேசாம போடா" என்றாள். அந்த விசுவாசத்துக்குக் குறுக்கே நிற்க நான் யார்?

ஒரு வெள்ளிக்கிழமையும் அவள் தவறவில்லை. புண்ணின் துணிக்கட்டை நானே பிரித்துக் கழுவினேன். அறையில் வாடை தாங்கவில்லை, முன் வரிசையில் கைக்குட்டைகள் மூக்குக்குப் போயின. நான் முகம் சுளிக்கவில்லை. அதைப் பார்த்துப் பலர் அழுதார்கள். ஒருவர் எழுந்து நின்று, இதுவரை தான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் வெறும் சத்தம் என்று சொன்னார். அம்மாவின் பாடு வீணாகவில்லை.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது நல்ல ஓய்வு. அதிகம் பேசுவதில்லை. முன்பைவிட இலேசாகிவிட்டதால் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது சுலபமாக இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

அண்ணன்

பி.கு. அம்மாவின் இடது செருப்பை என்ன செய்வது என்று சமையற்காரம்மா கேட்கிறாள். தேயாத செருப்பு, தூக்கிப் போட மனமில்லை. உனக்கு ஆகுமென்றால் பார்சலில் அனுப்பச் சொல்கிறேன்.


மே 30

அண்ணனுக்கு,

நான் சுகமாக இல்லை. நீங்கள் சுகம் என்று தெரியும், பார்த்தவர்கள் சொன்னார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சோறு தீய்ந்துபோனது. கையெழுத்தும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று காப்பாளரிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இல்லத்து வாசலில் நின்றேன். கேட்டில் நம் காவலாளி. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் கஞ்சி கொண்டு போனவள் நான். என் முகத்தைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்துக்கொண்டே, "உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவும்மா" என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். உள்ளே போய் வந்தார். "அம்மா தூங்குறாங்களாம். அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க" என்றார்.

உள்ளே பாட்டுச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தில் யாரண்ணா தூங்குவார்கள்?

பிறகு பாட்டு நின்றது, உங்கள் குரல் தொடங்கியது. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுப் பிரசங்கத்தையும் கேட்டேன். பெரியவன் சிறியவனுக்குப் பணிவிடை செய்ய வேண்டும் என்றீர்கள். வலியில் மௌனமாக இருப்பவர்கள் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் உட்காருவார்கள் என்றீர்கள். நன்றாகத்தான் பேசினீர்கள். எனக்கே கண் கலங்கியது, அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கடைசிப் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன். அனுமதி இல்லாமல் போனதற்குக் காப்பாளர், நான் இனி சமையலறையில்தான் படுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

நேராகக் கேட்கிறேன். அம்மாவுக்கு இடது கால் இருக்கிறதா இல்லையா? எதுவரை எடுத்தார்கள்? அவளுக்கு என்ன நடந்தது என்று அவளிடம் சொன்னீர்களா? ஆம் இல்லை என்று எழுதினால் போதும்.

செருப்பை அனுப்புங்கள்.

தங்கை


ஜூலை 1

ஆண்டவருக்குள் பிரியமான தங்கைக்கு,

உனக்குச் சமாதானம் உண்டாவதாக. உன் உடல் நலத்துக்காகவும் மன நலத்துக்காகவும் ஜெபிக்கிறேன்.

நம் தாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். போன செவ்வாய்க்கிழமை விடியலில். மறுநாளே நல்லடக்கம் முடிந்தது. நீ வருவதற்குள் ஆகிவிடும் என்பதால் தகவல் சொல்லி உன்னைக் கலங்கடிக்கவில்லை. கூட்டம் அலைமோதியது. அம்மாவுக்கு இத்தனை பேரைத் தெரியுமா என்று காவலாளி ஆச்சரியப்பட்டார். அவர்களுக்கெல்லாம் தெரிந்தது அந்தப் பாதம்.

நோய் மேலே ஏறிவிட்டது என்று டாக்டர்கள் ஏதேதோ சொன்னார்கள். நாம் ஆண்டவரின் சித்தம் என்கிறோம். கடைசி வெள்ளிக்கிழமையும் நாற்காலியில் உட்கார்ந்தாள், மீதியிருந்த ஒரு பாதத்தைக் கழுவினேன். அன்று மட்டும், நான் குனிந்தபோது, என் தலையில் கையை வைத்து, "அவ எங்க?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

நீ அழைக்காமல் வாசலில் வந்து நின்றதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை புதிய கூடத்தின் திறப்பு விழா. அம்மாவின் நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் நீ வந்து உட்கார வேண்டும். எல்லார் முன்னிலையிலும் உன் பாதத்தை நான் கழுவ வேண்டும். பிரிந்த அண்ணனும் தங்கையும் ஒப்புரவாவதைச் சபை பார்க்கட்டும். காப்பாளருக்கு எழுதிவிட்டேன், இந்த முறை கேட் திறந்திருக்கும்.

உன்னை நேசிக்கும்
அண்ணன்


ஜூலை 9

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை தாங்கள் நல்ல சுகத்தோடு இருப்பது முக்கியம்.

"அவ எங்க?" என்று அம்மா கேட்டது யாரை என்று தெரியவில்லை எனத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும். அழுது முடித்துவிட்டேன், இனி அதைப் பற்றி எழுதவில்லை.

கட்டாயம் வருகிறேன். ஆனால் என் பாதத்தைத் தாங்கள் கழுவுவது சரியாக இராது. சோடாத் தண்ணீரில் நின்று நின்று அவை பார்க்கச் சகிக்காது, விருந்தாளிகள் படம் பிடிக்கும் லட்சணத்தில் இல்லை. ஊருக்கெல்லாம் கால் கழுவும் தலைவருக்கு ஒரு நாளாவது ஒருவர் கழுவ வேண்டாமா? தாங்கள் அம்மாவின் நாற்காலியில் உட்காருங்கள். நான் தரையில் உட்காருகிறேன். தங்கை தாழ்மை கற்றுக்கொண்டாள் என்று சபை பார்க்கட்டும். இதைவிட நல்ல சாட்சி தங்களுக்குக் கிடைக்காது.

முறையை மாற்ற வேண்டாம். முதலில் தண்ணீர், பிறகு பிரசங்கம், பிறகு கழுவுதல். கெட்டிலை சமையற்காரம்மா கொண்டு வரட்டும். அம்மாவுக்கு எந்த அளவில் கலந்தாளோ அதே அளவு.

என்றும் கீழ்ப்படிந்த
தங்கை


ஜூலை 31

அண்ணா,

நான் சுகம். நீ சுகம் என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். 'நீ' என்று எழுதுகிறேன், கவனித்திருப்பாய். சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டேன். நீ அங்கியை மாட்டிய பிறகுதான் அம்மா என்னை மாற்றச் சொன்னாள்.

நேற்று நடந்ததை நீ உனக்கு ஏற்ற மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் தாழ்மையைப் பற்றிக் கூட்டத்துக்கு நீதான் முன்னுரை சொன்னாய். கை தட்டினார்கள். நீ அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றிக் கொடுத்தாய். நான் மடித்து வைத்தேன். சமையற்காரம்மா கெட்டிலோடு வந்தாள். "அதே அளவுதானே?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஊற்றினேன். ஆவி எழும்பியது. நன்றாகத்தான் இருந்தது, அம்மா பொய் சொல்லவில்லை. படம் பிடித்தார்கள்.

"கால வைங்கண்ணா" என்றேன்.

நீ சிரித்துக்கொண்டே வைத்தாய். கட்டை விரல் மட்டும்தான் பட்டிருக்கும், படக்கென்று இழுத்துக்கொண்டாய். முன் வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாய்:

"கொஞ்சம் ஆறட்டும்மா."

கூட்டம் செல்லமாகச் சிரித்தது. சமையற்காரம்மா சிரிக்கவில்லை. கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. உனக்கு எப்போது புரிந்தது என்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதிச் சிரிப்பில் ஒரு நொடி நின்றாய். பேசினைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் பேசுவேன் என்று பயந்தாய். நான் பேசவில்லை. பேசாமல் இருக்கத்தானே எனக்கு இத்தனை மாதம் கற்றுக்கொடுத்தாய்.

உடனே எழுந்து பிரசங்கிக்க ஆரம்பித்துவிட்டாய். ஆறட்டும் என்ற வார்த்தையையே பிடித்துக்கொண்டு, பொறுமையைப் பற்றி. ஆண்டவர் நம்மைச் சூடான தண்ணீரில் வைக்கிறார், வேளை வரும்போது அவரே அதை ஆற வைக்கிறார் என்றாய். கொஞ்சமும் தடுமாறவில்லை, உன் திறமையே திறமை. அந்த நேரம் முழுவதும் உன் கால் நாற்காலிக்குப் பக்கத்தில் உலர்ந்த துண்டின் மேல் இருந்தது. நான் விரித்து வைத்த துண்டு.

நான் மண்டி போட்டபடியே இருந்தேன். கொதிக்கக் கொதிக்க இன்னொரு கெட்டில் ஊற்ற வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்காகத்தான் வந்தேன், மறைக்கவில்லை. ஆனால் நீ ஆமென் சொன்னதும் பழக்க தோஷத்தில் என் முழங்கை தானாகப் போய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. இதமாக இருந்தது. அதன் பிறகு எனக்குக் கை வரவில்லை. கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் துடைத்தேன், அம்மாவுக்குச் செய்வது போலவே. நல்ல கால் உனக்கு. ஒரு கீறல் இல்லை.

இதற்குப் பதில் எழுதாதே. என் உறுதிமொழிச் சீட்டைக் காப்பாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நாளையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரியில் சலவை வேலை. அதே சோடாத் தண்ணீர்தான், ஆனால் அங்கே அதைப் பரிசு என்று ஒருவரும் சொல்வதில்லை.

நாற்காலிக்கு இனி யார் என்று வெளியே வரும்போது சமையற்காரம்மாவைக் கேட்டேன். இல்லத்தில் பக்கவாதம் வந்து கிடக்கும் பழைய தையற்காரர் பெயரைச் சொன்னாள். அவருக்கும் இடது பக்கம் உணர்வு கிடையாது. அவரும் விடியலிலிருந்தே தலை வாரிக்கொண்டு காத்திருப்பார். இனி தண்ணீரைத் தொட்டுப் பார்க்காமல் ஊற்றமாட்டேன் என்று சமையற்காரம்மா அழுதுகொண்டே சொன்னாள். அவள் அப்படிச் செய்தால் அவளையும் எங்கேயாவது அனுப்பிவிடுவாய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பார்சலில் வந்த இடது செருப்பை அந்த நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். வலதுகால் செருப்பை அம்மாவோடு பெட்டியில் வைத்தார்களாம். அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

தங்கை